சூடு இருக்கிறது, தண்ணீர் வருமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு அரியலூர் மாவட்டம். திருச்சியில் எம்.எஸ்சி. அப்ளைடு ஜியாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறார். நீங்கள் புவிவெப்ப ஆற்றலிலும் நிலத்தடிச் சேமிப்பிலும் ஆராய்ச்சி செய்பவர் என்று அறிந்தேன். எனக்கும் அந்தப் பக்கம் போக ஆசை. இந்தியாவில் அதற்கு வேலையே கிடையாது, வெளிநாடு போனால்தான் உண்டு என்கிறார்கள் சீனியர்கள். அம்மா டிஎன்பிஎஸ்சி எழுதச் சொல்கிறார். பிஎச்டி சேரலாமா, முதலில் வேலைக்குப் போகலாமா? ரிக், சுரங்கம் என்று பெண்பிள்ளையை அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள். பத்து வருடம் கழித்தும் இந்தத் துறை இருக்குமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மேடம் வேண்டாம், அக்கா போதும். நான் ஜியாலஜி சேர்ந்த வருடம் பெரியப்பா என் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து, "தோட்டத்துல எங்க போர் போட்டா தண்ணி வரும், பாத்துச் சொல்லு" என்றார். தேங்காய் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியாது என்றேன். "அப்புறம் என்னத்துக்கு அந்தப் படிப்பு?" என்றார். இருபது வருடம் ஓடிவிட்டது. அவர் கேட்டதைத்தான் இன்றைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன்: எங்கே துளையிட்டால் தண்ணீர் வரும், எவ்வளவு வரும், எத்தனை வருடம் வரும். என் தண்ணீர் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், சோறு வடிக்கிற சூட்டில் கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

லடாக்கில் பூகா பள்ளத்தாக்கு இருக்கிறது. சுமார் 4,400 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 85 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். தரையிலிருந்து கொதிநீர் கொப்பளித்துக்கொண்டே இருக்கும், சுற்றிலும் கந்தகமும் வெண்காரமும் படிந்து கிடக்கும். 1970களிலேயே ஜிஎஸ்ஐ, அதாவது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம், அங்கே துளையிட்டுப் பார்த்து, நம்பிக்கை தரும் இடம் என்று எழுதி வைத்துவிட்டது. 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசியும் லடாக் நிர்வாகமும் லே மலை மேம்பாட்டு மன்றமும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. முதல் கட்ட இலக்கு 1 மெகாவாட். இமாசலப் பிரதேசத்தின் மணிகரணில் ஒரு குட்டி நிலையம், தெலங்கானாவின் மணுகூருவில் 20 கிலோவாட் சோதனை நிலையம் என்று முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் வணிக அளவில் மின்சாரம் தரும் புவிவெப்ப நிலையம் நம் நாட்டில் இன்னும் ஒன்றுகூட ஓடவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு புவிவெப்பத்துக்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது, நல்லதுதான். கொள்கை வந்த மறுநாளே வேலைக்கு ஆள் எடுக்கமாட்டார்கள். 'ஜியோதெர்மல்' என்று போர்டு மாட்டிய வேலையை மட்டும்தான் தேடுவேன் என்றால், சீனியர்கள் சொன்னது சரி.

மீதிப் பாதியை அவர்கள் உங்களுக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

விசாகப்பட்டினத்தில் கடலோரமாக, பாறைக்குள் குடைந்த குகையில் 60,000 டன் எல்பிஜி நிற்கிறது. 2007இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஊரிலும் மங்களூருவிலும் உடுப்பிக்குப் பக்கத்தில் பாதூரிலுமாக நாட்டின் அவசரகாலக் கச்சா எண்ணெய்க் கிடங்குகள் பாறைக்குள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து 53.3 லட்சம் டன் கொள்ளும். இந்தக் குகைகளுக்கு உள்ளே இரும்புத் தகடு கிடையாது. சுவரில் ஷாட்கிரீட் என்ற பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட் பூச்சும், ராக் போல்ட் என்று பாறைக்குள் செருகும் இரும்புக் கம்பிகளும் உண்டு. அவை கல் பெயர்ந்து விழாமல் இருப்பதற்கு. எண்ணெய் கசியாமல் காப்பது வேறு ஒன்று, தண்ணீர்.

விரிசல் இல்லாத பாறை உலகத்தில் இல்லை. அந்த விரிசல்களில் நிற்கும் நிலத்தடி நீர்தான் இந்தக் கிடங்குக்கு மூடி. 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 1 வளிமண்டல அழுத்தம். 25 டிகிரி சூட்டில் எல்பிஜியில் உள்ள புரொப்பேன் திரவமாகவே இருக்க வேண்டுமானால் 9, 10 வளிமண்டல அழுத்தம் தேவை. ஆக, குகைக்கு மேலே 100 மீட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் நின்றால், வெளியே போகப் பார்க்கும் வாயுவைவிட உள்ளே வரப் பார்க்கும் தண்ணீருக்குப் பலம் கூடுதல். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குகைக்குள் இறங்கும், அடியில் தேங்கும், அதைப் பம்ப் போட்டு எடுத்துச் சுத்திகரிப்பார்கள். எண்ணெய் அதன் மேலே மிதந்துகொண்டிருக்கும். கோடையிலும் மேலே நீர்மட்டம் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகக் குகைக்கு மேல் தனியாகச் சுரங்கப் பாதை வெட்டி, அதிலிருந்து வரிசையாகத் துளையிட்டு, அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றி வைப்பார்கள். 'வாட்டர் கர்ட்டன்', தண்ணீர்த் திரை. இதைத் தயார் செய்துவிட்டுத்தான் கீழே குகையை வெட்டவே தொடங்க வேண்டும். முதலில் வெட்டிவிட்டால் பாறை வடிந்துபோகும். வடிந்த விரிசலுக்குள் காற்று புகுந்துகொண்டால் மறுபடி முழுதாக நனைப்பது பெரும்பாடு.

அப்படி ஒரு குகை வெட்டும் இடத்தில் சில வாரங்கள் இருந்திருக்கிறேன். வெடி வைத்து, புகை போய், தொங்குகிற கல்லையெல்லாம் தட்டி விழவைத்த பிறகு, ஷாட்கிரீட் வண்டி வருவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதற்குள் ஜியாலஜிஸ்ட் ஓடிப்போய்ப் புதுச்சுவரில் விரிசல்களை வரைய வேண்டும்: எந்தத் திசை, எவ்வளவு சாய்வு, எவ்வளவு அகலம், உள்ளே களிமண் நிரம்பியிருக்கிறதா. ஷாட்கிரீட் அடித்துவிட்டால் அந்தச் சுவரை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. முதல் நாள் நான் தண்ணீர் ஒழுகும் விரிசல்களையே தேடித் தேடிக் குறித்தேன். ரயில், சாலைச் சுரங்கங்களில் ஒழுக்குதானே எதிரி. உடன் இருந்த பெரியவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "ஒழுகுறது இருக்கட்டும்மா, காஞ்சு கெடக்கறத காட்டு" என்றார். காய்ந்த விரிசல் என்றால் அங்கே மூடி இல்லை என்று பொருள். நான்கு வருடம் படித்ததை அந்த ஒரு வாக்கியத்தில் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டார்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. குகையில் எண்ணெய் சேர்ப்பது, பாறையிலிருந்து சூடு எடுப்பது, கார்பன் டை ஆக்சைடைப் புதைப்பது, ஹைட்ரஜனைச் சேர்த்து வைப்பது எல்லாம் அமைச்சகங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் தனித்தனித் துறைகள். கிணற்றடியில் நிற்கிறவருக்கு ஒரே கணக்கு: விரிசலும் துளையும் உள்ள பாறையில், இந்த அழுத்தத்திலும் இந்தச் சூட்டிலும், ஒரு திரவம் எங்கே போகும்? அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டவர் வாழ்க்கையில் மூன்று நான்கு முறை போர்டை மாற்றிக்கொள்வார். நானே எண்ணெயில் தொடங்கி, சூட்டுக்கு வந்து, இப்போது பாதி நேரம் சேமிப்பில் இருக்கிறேன். பத்து வருடம் கழித்து இந்தத் துறை இருக்குமா என்று கேட்டீர்கள். போர்டு இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பேற்கமாட்டேன், கணக்கு இருக்கும்.

இப்போது நான் இருப்பது தெற்கு ஜெர்மனியில், மியூனிக் பக்கம். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், இங்கே வீடுகளைச் சூடாக்குவது சுண்ணாம்புக்கல். உங்கள் அப்பா டிப்பரில் ஏற்றுவது கிரெட்டேஷியஸ் காலத்துக் கல். இது அதற்கும் முந்தைய ஜுராசிக். டான்யூப் ஆற்றின் வடக்கே மலையாக வெளியே தெரிகிற அந்தப் படுகை, தெற்கே ஆல்ப்ஸை நோக்கிச் சாய்ந்துகொண்டே போய், மியூனிக்குக் கீழே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கண்டத்தட்டில் சாதாரணமாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரி ஏறும். எரிமலை எதுவும் வேண்டாம், ஆழமே போதும். ஒரு கிணற்றில் வெந்நீரை எடுத்து, சூட்டை மட்டும் கறந்துகொண்டு, ஆறிய தண்ணீரை இரண்டாவது கிணறு வழியே அதே பாறைக்குள் திருப்பி அனுப்புகிறார்கள்.

மாணவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி?" பெரியப்பா கேட்டது, "எவ்வளவு தண்ணி?" பெரியப்பாதான் கெட்டிக்காரர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 100 லிட்டர் வந்து, அதை 50 டிகிரி ஆறவைத்தால் 21 மெகாவாட் வெப்பம், ஒரு சிற்றூரின் குளிருக்குப் போதும். அதே சூட்டில் 10 லிட்டர்தான் வந்தால் 2 மெகாவாட், கிணறு வெட்டிய கடன் அடையாது. சூட்டை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். தண்ணீரைச் சொல்வதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது.

மியூனிக்கை ஒட்டிய உன்டர்ஹாகிங்கில் 3,350 மீட்டரில் 122 டிகிரி, விநாடிக்கு 150 லிட்டர். கொண்டாடினார்கள். அந்தக் கிணறு பொய்த்துப்போனால் நஷ்டஈடு என்று இன்சூரன்ஸ்கூட எடுத்திருந்தார்கள். நம் ஊரில் பொய்த்த போருக்கு இன்சூரன்ஸ் இருந்திருந்தால் எத்தனை வீட்டு நகை மார்வாடி கடைக்குப் போகாமல் இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். அங்கிருந்து ரொம்ப தூரமில்லை, கெரெட்ஸ்ரீட். 2013இல் 4,800 மீட்டருக்கு மேல் துளையிட்டார்கள். சூடு 160 டிகிரிப் பக்கம், எதிர்பார்த்ததில் குறையில்லை. தண்ணீர் வரவில்லை. அதே சுண்ணாம்புக்கல், அதே படுகை, ஆனால் விரிசல் கைகொடுக்கவில்லை. பல வருடம் கழித்து ஈவர் என்ற கனடா நிறுவனம் அதே இடத்துக்கு வந்து, பாறையின் தண்ணீரே வேண்டாம், நிலத்துக்கடியில் மூடிய வளையங்களாகத் துளையிட்டு நாங்கள் கொண்டுபோகும் தண்ணீரையே சுற்றவிடுகிறோம் என்று இறங்கியது. செலவு கட்டுமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஒரு பொய்த்த கிணறு புது யோசனைக்குக் களமானது மட்டும் பிடித்திருக்கிறது.

சூட்டை ஓரளவு சொல்லிவிடலாம் என்றேன். அதிலும் நான் சறுக்கியிருக்கிறேன். முதல் வேலை காவிரிப் படுகையில் ஓர் எண்ணெய்க் கிணற்றில். நைட் ஷிப்ட். ஷேல் ஷேக்கர் என்ற அதிரும் சல்லடையில் வந்து விழும் கட்டிங்ஸை, அதாவது துளையிடும்போது வெட்டுப்படும் கல்துகள்களை, அள்ளி, சல்லடையில் அலசி, தட்டில் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஆழத்தை எழுதிப் பையில் கட்டுவேன். கண்முன் விழுகிற கல் இப்போது வெட்டிய கல் அல்ல, முக்கால் மணி நேரத்துக்கு முன் வெட்டியது. துளைக்குள் சுற்றவிடும் சேற்றுக் குழம்பான மட்டோடு மேலே ஏறி வர அவ்வளவு நேரம். அதைக் கழித்துத்தான் ஆழம் எழுத வேண்டும். இதெல்லாம் சரியாகச் செய்தேன். ஒரு விடியற்காலை, கிணற்றுக்குள் இறக்கி அளக்கும் லாகிங் கருவி 2,600 மீட்டரில் 98 டிகிரி என்று காட்டியது. பாறையின் சூடு 98 என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மேலதிகாரி கேட்டார்: "மட் எத்தனை நேரம் சுத்துச்சு? நிறுத்தி எத்தனை மணி நேரம் ஆச்சு?" எனக்குத் தெரியவில்லை. நாள்கணக்காகக் குளிர்ந்த மட் சுற்றிய கிணற்றின் சுவர் ஆறிப்போயிருக்கும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த கையோடு தொட்டுப் பார்த்துவிட்டு, கல் காயவில்லை என்று சொன்ன மாதிரி. நிறுத்திய நேரத்தை வைத்துத் திருத்தம் போட்டபோது 13 டிகிரி கூடியது. எண்ணெய்க் கிணற்றில் அது ஒரு திட்டோடு போனது. புவிவெப்பக் கிணறாக இருந்திருந்தால் அந்த 13 டிகிரியில் ஒரு திட்டமே கைவிடப்பட்டிருக்கும். கருவி காட்டும் எண்ணுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கேட்காமல் அன்றிலிருந்து எதிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

கெட்ட செய்தியையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்பார்கள், ஊர்க் கூட்டத்தில் அதைவிடக் கோபமாகக் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அடியில் 5 கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையைத் திறக்கப் பார்த்தார்கள். 2006 டிசம்பர் 8 அன்று 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது. 1356இல் ஒரு பெரும் நிலநடுக்கத்தில் அழிந்த ஊர் அது. மக்கள் சும்மா விடுவார்களா? 2009இல் திட்டத்தையே மூடினார்கள். தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பர் 15 அன்று வந்தது இன்னும் பெரிது, 5.5. பக்கத்துப் புவிவெப்பக் கிணறுகளில் செலுத்திய தண்ணீர் அங்கிருந்த பிளவைத் தூண்டிவிட்டது என்று அரசு அமைத்த குழுவே 2019 மார்ச்சில் சொல்லிவிட்டது.

எனக்கு இவற்றையெல்லாம்விட உறுத்துவது ஜெர்மனியின் ஸ்டௌஃபன் என்ற சிற்றூர். நிலநடுக்கம் இல்லை, ஆழமும் இல்லை. 2007இல் நகர மன்றக் கட்டடத்தைச் சூடாக்கிக் குளிர்விக்க 140 மீட்டரில் ஏழு துளைகள் போட்டார்கள், நம் தோட்டத்துப் போர் அளவுகூட இல்லை. கீழே அழுத்தத்தோடு இருந்த தண்ணீர், துளை வழியே மேலேறி அன்ஹைட்ரைட் என்ற, நீர் சேராத கனிமத்தின் படுகையைத் தொட்டது. அன்ஹைட்ரைட் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு முதல் வருட மினரலாஜியில் வந்திருக்கும்: ஜிப்சம் ஆகும், கன அளவு 60 சதவீதம் வரை உப்பும். ஊர் மெல்ல மெல்ல மேலே எழுந்தது. 250க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். காரை கிராமத்துக்கு ஃபீல்டு ட்ரிப் போனபோது களிமண் நிலத்தில் பளபளவென்று ஜிப்சம் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டிருப்பீர்கள். அந்த வெள்ளைக் கல்தான் ஒரு நகரத்தைப் பெயர்த்தது. மினரலாஜி பேப்பர் பாஸானால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சேமிப்புப் பக்கமும் இதே மாதிரி வேடிக்கைகள் உண்டு. செக் நாட்டில் லோபோடிசே என்ற இடத்தில் ஹைட்ரஜன் கலந்த நகர வாயுவை நிலத்தடி நீர்ப்படுகையில் சேர்த்து வைத்தார்கள். திரும்ப எடுத்தால் ஹைட்ரஜன் குறைந்து மீத்தேன் கூடியிருக்கிறது. கீழே இருந்த நுண்ணுயிர்கள் தின்றுவிட்டன! ஹைட்ரஜன் சேமிப்பு என்று இன்று உலகமே பேசுகிறது. நுண்ணுயிரியல் படித்த ஜியாலஜிஸ்ட் கிடைத்தால் கொத்திக்கொண்டு போகிறார்கள். ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் என்ற திட்டத்தில் கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் அனுப்பினார்கள். சோதனையில் செலுத்தியதில் 95 சதவீதத்துக்கும் மேல் இரண்டே வருடத்துக்குள் கல்லாகிவிட்டது என்று 2016இல் வெளியிட்டார்கள். தக்காணம் முழுக்க பசால்ட் வைத்திருக்கும் நாடு நம்முடையது. ஏன் இங்கே அப்படியே செய்துவிட முடியாது என்பதை, தண்ணீர்ச் செலவிலிருந்து தொடங்கி, நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பிஎச்டி நேர்முகத்துக்கு அதைவிட நல்ல தயாரிப்பு இல்லை.

சரி, என்ன செய்வது?

அம்மாவோடு சண்டை போடாதீர்கள். டிஎன்பிஎஸ்சியில் ஜியாலஜிஸ்ட் பதவிகளுக்கென்றே அவ்வப்போது தேர்வு வருகிறது, வந்தால் எழுதுங்கள். ஆனால் நீங்கள் குறிவைக்க வேண்டியது யுபிஎஸ்சி நடத்தும் கம்பைண்டு ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு. ஜிஎஸ்ஐ ஜியாலஜிஸ்ட், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஹைட்ரோஜியாலஜிஸ்ட் இரண்டுக்கும் வழி அதுதான். ஜிஎஸ்ஐ ஜியாலஜிஸ்ட் பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. 32 வயது வரை எழுதலாம். கூடவே கேட், சிஎஸ்ஐஆர் நெட். மூன்றுக்கும் பாடம் முக்கால்வாசி ஒன்றே; ஒரே படிப்பில் மூன்று சீட்டு வாங்குகிற மாதிரி.

பிஎச்டியா வேலையா என்ற கேள்விக்கு என் விருப்பத்தைச் சொல்கிறேன், எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்: இரண்டு வருடமாவது வேலை, பிறகு பிஎச்டி. கிணற்றடியில் நின்று சேற்றைக் கையால் அள்ளாதவர் போடும் கம்ப்யூட்டர் மாடலைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். கோடெல்லாம் அழகாக இருக்கும், கிணறு மட்டும் இருக்காது. நீர்வள நிறுவனமோ, மட் லாகிங் கம்பெனியோ, சுரங்கமோ, எதுவானாலும் சரி. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டால் மட்டும் உடனே போய்ச் சேருங்கள். மாதம் 37,000 ரூபாய் வருவதைத் தள்ளிப்போட வேண்டாம். ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமான என்ஜிஆர்ஐயில் நிலத்தின் வெப்ப ஓட்டத்தை அளந்த பரம்பரையே உண்டு. காந்திநகர் பண்டிட் தீன்தயாள் எனர்ஜி பல்கலைக்கழகத்தில் புவிவெப்பத்துக்கென்றே மையம் இருக்கிறது. ஐஐடி பம்பாயில் கார்பன் பிடிப்புக்கான தேசிய மையம் இருக்கிறது.

வெளிநாடு என்றால், ஜெர்மனி மாதிரி நாடுகளில் பிஎச்டி பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. ஏஜென்சிக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். பேராசிரியருக்கு நேரே எழுதுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேட்டு எழுதுங்கள். "பெருமதிப்புக்குரிய ஐயா, நான் கடும் உழைப்பாளி" என்று தொடங்கும் மெயில்கள் எனக்கே வாரத்துக்குப் பத்து வருகின்றன. எந்தக் கேள்வியும் இல்லாத மெயிலுக்கு என்ன பதில் எழுதுவது? இன்னொரு வழி ஐஸ்லாந்தில் இருக்கிறது. வளரும் நாடுகளில் ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவர்களுக்கு 1979இலிருந்து ஆறு மாதப் புவிவெப்பப் பயிற்சி நடத்துகிறார்கள். இன்றைக்குக் கென்யாவில் புவிவெப்பத்தைக் கட்டி ஆள்பவர்களில் பலர் அங்கே பயின்றவர்கள். வேலையில் சேர்ந்த பிறகு அதைப் பாருங்கள்.

படிப்பில் ஒன்றே ஒன்று: ஹைட்ரோஜியாலஜியை விருப்பப் பாடம் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். அதோடு கொஞ்சம் பைத்தான் கம்ப்யூட்டர் மொழி, கொஞ்சம் வேதியியல். கீஸருக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே மாதிரிப் படிவுதான் கோடிக்கணக்கில் செலவழித்த கிணறுகளின் குழாயை அடைக்கிறது. வேதியியல் தெரிந்த ஜியாலஜிஸ்ட் எங்கள் இடத்தில் எப்போதும் குறைவு.

வீட்டின் தயக்கத்துக்கு வருகிறேன். நான் வேலையில் சேர்ந்தபோது பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யச் சட்டமே தடை போட்டிருந்தது. 1952ஆம் வருடத்துச் சுரங்கச் சட்டம். 2019இல்தான் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை என்று தளர்த்தினார்கள். ரிக்கில் என் முதல் மாதத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. கேட்டு வாங்கினேன், மூன்று வாரம் ஆனது. இன்றைக்கு நிலைமை தேவலை, எல்லா இடத்திலும் இல்லை. வேலையில் சேரும் முன் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள்: தங்குமிடம், கழிப்பறை, இரவு வண்டி, இன்னொரு பெண்ணாவது இருக்கிறாரா. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறவர். வெடி வைக்கும் நேரமும் சரியும் விளிம்பும் அவருக்குத் தெரியும். அவருடைய பயம் தெரியாதவரின் பயம் அல்ல. ஒரு நாள் அவரையே சுரங்கச் சுவரைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் படிபோல வெட்டிய பெஞ்சுகளில் எதில் மழைக்குப் பிறகு தண்ணீர் கசிகிறது, எது காய்ந்தே கிடக்கிறது என்று அவரைக் கேளுங்கள். பேச்சு எங்கே போகிறதென்று பாருங்கள்.

கடைசியாக, டிசர்ட்டேஷனுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? பெரிய தலைப்பு வேண்டாம். உங்கள் ஊரில் மோட்டார் இறக்காமல் விட்ட ஆழமான போர்வெல் நாலைந்தைக் கண்டுபிடியுங்கள். சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர் ஒன்றை நீளமான கேபிளில் கட்டுங்கள், பொருள் செலவு அதிகம் ஆகாது. 10 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து, குறித்துக்கொண்டே இறக்குங்கள். இறக்கும்போது அளக்க வேண்டும். இழுக்கும்போது அளந்தால் கேபிள் தண்ணீரைக் கலக்கிவிட்டிருக்கும். பாறை மட்டும் பேசினால் 100 மீட்டருக்கு 2, 3 டிகிரி என்று கோடு சீராக ஏறும். ஆனால் உங்கள் போரில் அப்படிச் சீராக ஏறாது. எங்கோ ஓர் இடத்தில் நிமிர்ந்து நிற்கும், எங்கோ ஒடியும். அங்கேதான் விரிசல் வழியே தண்ணீர் உள்ளே வருகிறது அல்லது வெளியே போகிறது. வேலை முடிந்ததும் போர்வெல் வாயை மூடி, போல்ட்டை முறுக்கிவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். திறந்து கிடந்த போர்வெல்கள் நம் ஊரில் என்ன செய்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கிணற்றின் வரைபடம் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். மோட்டார் கடைசியாக எப்போது ஓடியது என்பதையும் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். நான் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

அன்புடன்,
அக்கா